கட்டண விலக்கு பெற்ற வண்டி

நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். ஒரு பக்கம் வாசித்து முடிப்பதற்குள் பக்கத்தில் இருக்கிற டீ ஆறிப்போகும். விரலை வரிக்குக் கீழே வைத்துத் தள்ளிக்கொண்டே போனால்தான் எழுத்து கலையாமல் நிற்கும். அப்படி வாசிப்பவனுக்கு ஒரு வசதி உண்டு, அய்யா. அவனால் எதையும் தாண்டிப் போக முடியாது.

உங்கள் ஏட்டு, "நீ சொல்லு, நான் எழுதிக்கிறேன்" என்றார். நானே எழுதுகிறேன் என்றதும் சிரித்தார். பிறகு பேனா கொடுத்தார். வேலாங்குளம் கண்மாய்க் கரையிலிருந்து எங்கள் கல்லூரி வண்டி உபரித் தண்ணீர் வழிகிற கலுங்குக்குள் விழுந்து, டிரைவர் சுடலையும் நான்கு பிள்ளைகளும் இறந்தது பற்றித்தானே கேட்கிறீர்கள். எனக்குத் தெரிந்ததை வரிசையாகவே எழுதுகிறேன். என் பெயர் பெத்தணன். வயது ஐம்பத்தைந்து. ஊர் எம். புதுப்பட்டி. வேலாங்குளம் அரசுக் கல்லூரியில் தினக்கூலி. வண்டியைக் கழுவுவது, காற்று, தண்ணீர், ஆயில் பார்ப்பது, பார்த்ததை வண்டி நோட்டில் எழுதி வைப்பது, இவ்வளவுதான் என் வேலை.

அது முதலில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆள் ஏற்றும் வண்டி. நானும் அதில்தான் பதினைந்து வருஷம் வேலைக்குப் போய் வந்தேன். வண்டிக்கு வயசானதும் முதலாளி அதைப் புதிதாகத் திறந்த அரசுக் கல்லூரிக்கு நன்கொடையாகக் கொடுத்தார். பேப்பரில் படம் வந்தது. பட்டாசு மருந்து தீப்பிடித்து இடது கையில் மூன்று விரல் ஒன்றோடொன்று ஒட்டிப்போன என்னையும் வண்டியோடு சேர்த்துக் கொடுத்தார். அது பேப்பரில் வரவில்லை.

கம்பெனியில் வருஷா வருஷம் வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டு போவார்கள். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானதுதான் என்று பார்த்துச் சான்று கொடுக்கிற இடம். அதற்குக் கட்டணம் உண்டு. கட்டிய கட்டணம் வீணாகிவிடக் கூடாதே என்று முதலாளி அதற்கு முன்னால் ஒரு வாரம் வண்டியைப் பட்டறையில் போடுவார். பிரேக் லைனிங் மாற்றுவார், லைட் மாற்றுவார், பெயிண்டு அடிப்பார். உள்ளே உட்கார்ந்து போகிற எங்களை நினைத்துச் செய்ததில்லை. ஆனாலும் பிரேக் பிடித்தது.

கல்லூரிக்கு வந்த இரண்டாவது வருஷம் ஓர் அரசாணை வந்தது. அரசுக் கல்லூரி வண்டிகளுக்குக் கட்டண விலக்கு என்று. கண்காணிப்பாளர் லட்சுமிகாந்தம் சார் அதை அலுவலகத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். முதல் பத்தியை மட்டும். வாசித்துவிட்டு, "இனிமே ஆர்.டி.ஓ. ஆபீஸ் படியே மிதிக்க வேண்டாம்யா. சர்க்கார் வண்டிய சர்க்காரே என்ன பரிசோதிக்கிறது" என்றார். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. கட்டணம் இல்லையென்றால் ரசீது இல்லை. ரசீது இல்லையென்றால் இன்ன தேதிக்கு வா என்று கூப்பிட ஆள் இல்லை. கூப்பிடாத இடத்துக்கு எந்த அலுவலகமும் போனதாக நான் பார்த்ததில்லை.

அரசாணையின் நகலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். மூன்று நாள் மதியச் சோற்று நேரத்தில் அதன் முன்னால் நின்று நான் வாசித்தேன். நான்காவது பத்தியில் இருந்தது. விலக்கு கட்டணத்துக்கு மட்டும்தான், வண்டியை வழக்கம்போல் ஆய்வுக்குக் கொண்டுவர வேண்டும் என்று. கல்லூரியில் முப்பத்தொரு பேர் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். நான்காவது பத்தி வரைக்கும் போனவன் நான் ஒருவன்தான்.

போய்ச் சொன்னேன். லட்சுமிகாந்தம் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏலே பெத்தணா, ஜி.ஓ. வாசிக்கிற அளவுக்கு வந்துட்டியா?"

"நாலாவது பத்தில இருக்கு சார்."

"இருக்கும் இருக்கும். எனக்குக் கண்ணு வேற மங்குது. நாளையிலேருந்து நீ இந்தச் சீட்டுல உக்காந்துக்கோ, நான் போய் வண்டியக் கழுவுறேன்."

பக்கத்து மேஜையில் இருந்த கிளார்க், "சார், அவருக்குக் கலெக்டர் பரீட்சைக்கு ஒரு ஃபாரம் வாங்கிக் குடுத்துருங்க" என்றார். கையெழுத்து வாங்க வந்து நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூலிக்காரன் சிரிக்காவிட்டால் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும்.

அன்றைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். கோபத்தில் எடுத்த முடிவு இல்லை. இனி அந்த வண்டியைப் பற்றி வாயால் ஒரு வார்த்தை பேசுவதில்லை, எதுவானாலும் நோட்டில் எழுதுவது. வாயால் சொன்னால் அது பெத்தணன் பேச்சு. எழுதினால் அது ஆவணம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்ததே கற்பகவல்லி டீச்சர்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால், தீபாவளி முடிந்து கம்பெனிகள் அடைத்துக் கிடந்த மாதத்தில், கல்லூரிப் பிள்ளைகள் சிலர் எங்கள் ஊர் ரேஷன் கடை வராந்தாவில் எழுத்துச் சொல்லிக் கொடுக்க வந்தார்கள். அதில் ஒருவர் அவர். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஒட்டிப்போன விரலால் சிலேட்டை அமுக்கிக்கொண்டு, மற்ற கையால் எழுதினேன். "எழுதிக் குடுத்துட்டா யாரும் இல்லன்னு சொல்ல முடியாதுண்ணே" என்று அடிக்கடி சொல்வார்.

அதன் அருமை அவரைவிட எனக்குத்தான் தெரியும். கம்பெனியில் காலையில் உள்ளே நுழையும்போது ஒரு ரிஜிஸ்டரில் கைநாட்டு வைப்போம். இருபத்திரண்டு வருஷம் வைத்தேன். வருகைப் பதிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கை வெந்து நஷ்டஈடு கேட்டுப் போன அன்றைக்குத்தான் அதை வாசித்துக் காட்டினார்கள். 'பாதுகாப்பு விதிகள் அனைத்தையும் வாசித்துப் புரிந்துகொண்டேன்' என்று மேலே அச்சடித்திருந்ததாம். கீழே என் பெருவிரல். அதற்குப் பிறகு பேச என்ன இருக்கிறது. எழுத்து என்றால் அப்படி இருக்க வேண்டும்.

அந்தக் கற்பகவல்லி டீச்சர் இப்போது எங்கள் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். வண்டிப் பொறுப்பும் அவருக்குத்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நோட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்துவிட்டு நான் பஸ் பிடிக்கப் போய்விடுவேன். ஒரு வாரத்துக்கும் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு ஷெட்டுக்கு அனுப்புவார். மாதக் கடைசியில் லட்சுமிகாந்தம் சார் பச்சை மையில் ஒரு கையெழுத்துப் போடுவார்.

இந்த வருஷம் ஆடி பிறந்த வாரத்தில் பிரேக் கெட்டது. முதலில் மிதி கொஞ்சம் ஆழமாகப் போயிற்று. பிறகு சக்கரத்துக்குப் பக்கத்தில் ஆயில் கசிந்தது. எழுதினேன். 'பிரேக் மிதி உள்ளே போகிறது. ஆயில் கசிகிறது. பட்டறைக்கு விட வேண்டும்.' வெள்ளிக்கிழமை கையெழுத்து விழுந்தது. அடுத்த வாரம் 'பிரேக் பாதிதான் பிடிக்கிறது' என்று எழுதினேன். கையெழுத்து. அடுத்த வாரம் 'பிரேக் இல்லை' என்று மட்டும் எழுதினேன். நீளமாக எழுதுவதால்தான் வாசிக்கவில்லையோ என்று ஒரு நினைப்பு. அதற்கும் கையெழுத்து. மாதக் கடைசியில் பச்சைக் கையெழுத்தும் விழுந்தது.

அதற்கப்புறம் கொஞ்சம் விளையாடிப் பார்த்தேன். 'இன்று வண்டியில் ஒரு யானையும் இரண்டு குட்டியும் ஏற்றி வந்தோம்.' கையெழுத்து. 'இதை வாசிப்பவர் பெத்தணனைக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கித் தரவும்.' கையெழுத்து. 'இந்த வண்டியில் ஏறுகிறவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு வரவும்.' அதற்கும்தான். ஷெட்டில் தனியாக உட்கார்ந்து அதையெல்லாம் திரும்ப வாசிப்பேன். எம்.ஏ., எம்.ஃபில். என்று பெயருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு திரிகிறவர்கள், யானைக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருப்பதைப் பார்க்க எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அதை மறைக்கவில்லை.

வண்டி அத்தனை நாள் ஓடியது எப்படி என்று கேட்பீர்கள். டிரைவர் சிவபாண்டிக்கு அந்த வண்டியின் குணம் தெரியும். இரண்டு தரம், மூன்று தரம் மிதித்து ஏற்றிப் பிடிப்பான். கண்மாய்க் கரை இறக்கத்தில் செகண்ட் கியரிலேயே உருட்டி இறக்குவான். தன் கைக்காசில் ஆயில் வாங்கி ஊற்றுவான். அலுவலகத்தில் இரண்டு தரம் வாயால் சொன்னான். வாயால் சொன்னதற்கு என்ன மரியாதையோ அது கிடைத்தது.

என் சம்சாரம் சண்முகத்தாய் இன்னும் கம்பெனி வேலைக்குத்தான் போகிறாள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே நோட்டு விஷயத்தைக் கேட்டாள். யானையைச் சொன்னதும் முதலில் சிரித்தாள். பிரேக்கைச் சொன்னதும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வாய்ல என்ன புண்ணா ஒமக்கு? போய்ச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதான?"

"எழுதியிருக்கேன்."

"எழுதி என்னத்துக்கு? நக்கவா? அதுல போறது பூராவும் எங்கூட வேல பாக்குறவுக பெத்த பிள்ளைக. பொன்னுத்தங்கம் மக ரோஜா அதுலதான் போறா. அவ பீஸு கட்டணும்னு அவ ஆத்தா ஓவர்டைம் பாத்துச் சாகுறா."

"அவளுக்குத்தான் வாசிக்கத் தெரியுமே. நோட்டு டிரைவர் சீட்டுக்குப் பின்னாலதான் தொங்குது."

சண்முகத்தாய் சோற்றுப் பானையை மூடிவிட்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. அதனால் நான் சொன்னது விளங்கியிருக்காது என்று விட்டுவிட்டேன். ரோஜாவை எனக்கு நன்றாகத் தெரியும். நான் கழுவித் துடைத்த படியில் கரிசல் மண் ஒட்டின செருப்போடு ஏறுவாள். "மாமா, நாளைக்கும் கழுவத்தான போறீக" என்பாள். மாமா என்று கூப்பிட்டாலும், அந்த நோட்டில் மாமா என்ன எழுதுகிறார் என்று ஒருநாள் புரட்டிப் பார்த்ததில்லை. இரண்டு வருஷமாகத் தமிழ் இலக்கியம் படிக்கிறாளாம்.

இனி அந்த வெள்ளிக்கிழமை. சிவபாண்டி குலசாமி கும்பிடப் போவதற்கு மூன்று நாள் லீவு போட்டிருந்தான். போகும்போது ஷெட்டுக்கு வந்தான்.

"அண்ணே, திங்கக்கிழம சுடலை அண்ணன் வண்டிக்கு வாராரு. ஆயில் டப்பா அலமாரில இருக்கு, காலைல ஊத்திருங்க. ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிக்கும்னு அவருகிட்டச் சொல்லிருங்க. கர இறக்கத்துல செகண்ட்லயே எறங்கச் சொல்லுங்க. மறந்துறாதீகண்ணே."

மறக்க மாட்டேன் என்றேன். மறக்கவும் இல்லை.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஷெட்டைத் திறந்தேன். வண்டியைக் கழுவினேன். ஆயில் டப்பாவை எடுத்துப் பார்த்தேன், மூடி திறக்காமல் திரும்ப வைத்தேன். அந்த டப்பாவைத்தான் ஒரு சொட்டும் குறையாமல் நீங்கள் கைப்பற்றியிருக்கிறீர்கள். நோட்டில் அன்றைய தேதி போட்டு எழுதினேன். 'ஆயில் ஊற்றவில்லை. பிரேக் இல்லை. டிரைவர் புதிது.' மூன்றும் உண்மை. பொய் எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது, யானையைத் தவிர.

ஆறே முக்காலுக்குச் சுடலை வந்தான். என் ஊர்க்காரன், முறைக்கு மச்சான். முப்பது வருஷமாகக் கம்பெனி வண்டி ஓட்டுகிறவன்.

"என்ன மச்சான், சர்க்கார் உத்தியோகம் எப்படி இருக்கு? நோட்டும் பேனாவுமா வாத்தியார் கணக்கா உக்காந்திருக்க."

"இருக்கு."

"வண்டி நல்லாத்தான இருக்கு?"

"நோட்டுல எழுதியிருக்கு. வாசிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு நோட்டைப் பார்த்தான். "ஏ மச்சான், ஒனக்குத் தெரியாதா என்னயப் பத்தி? நீயே சொல்லேன்."

"நோட்டுல இருக்கு சுடலை."

"பெரிய படிப்பாளியாயிட்டாரு துரை" என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான். வாசிக்கத் தெரியாது, ஆனால் பெயரை மட்டும் வரைவான். ரேஷன் கடை வராந்தாவில் என் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். பெயர் போட வந்ததும், இது போதும் என்று எழுந்து போய்விட்டான். நான் ஒரு மாதம் முழுக்க இருந்தேன். அந்த வித்தியாசம் ஒருநாள் அவனுக்குத் தெரிய வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு. அது ஒரு தப்பா என்று இப்போதும் தெரியவில்லை.

ஏழு மணிக்கு வண்டி கிளம்பியது. ஊர்களில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எட்டேகாலுக்குக் கரையில் ஏறியிருக்கிறது. இறக்கத்தில் நடந்ததை நேரில் பார்த்தவர்கள் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது தெரியாது. நான் ஷெட்டில் இருந்தேன். எட்டரைக்கு யாரோ ஓடி வந்து சொன்னபோது கையைக் கழுவிவிட்டுத்தான் போனேன். அந்த நான்கு பிள்ளைகளில் ரோஜாவும் ஒருத்தி. படிக்கட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் இருந்தாளாம்.

யாருமே அந்த நோட்டை வாசிக்கவில்லை என்று உங்களிடம் முதலில் சொன்னேன். அது சரியில்லை. ஒரு பக்கத்தை நீங்களே கண்டுபிடித்துவிட்டதால் அதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நான் போன பிறகு கற்பகவல்லி டீச்சர் வாசித்திருக்கிறார். யானையில் கண் பட்டதாம், அங்கிருந்து பின்னால் புரட்டி முதலிலிருந்து வாசித்திருக்கிறார். என் எழுத்துக்குக் கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தார். 'அண்ணே, மன்னிச்சிருங்க. இப்பதான் எல்லாத்தையும் வாசிச்சேன். திங்கக்கிழமை நான் பரீட்சை வேலையா விருதுநகர்ல இருப்பேன். ஆபீசுல சொல்லியிருக்கேன், ஆனா சார் பத்து மணிக்குத்தான் வருவார். சுடலை அண்ணன்கிட்ட வண்டிய எடுக்க வேண்டாம்னு நீங்க கண்டிப்பாச் சொல்லிருங்க. பிள்ளைக டவுன் பஸ்ல வரட்டும்.'

திங்கட்கிழமை காலையில் நோட்டைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். விரல் வைத்து இரண்டு தரம் வாசித்தேன். அதற்குக் கீழேதான் அன்றைய தேதியைப் போட்டேன். சுடலை கையெழுத்துப் போட்ட பக்கமும் அதே பக்கம்தான். டீச்சர் எழுதியதை நான் கிழிக்கவில்லை, மறைக்கவில்லை, அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

சொல்லுங்கள் என்றுதானே அவர் எழுதியிருக்கிறார், ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். ஏழு வாரம் கழித்து வாசித்தவருக்கு நான் ஏன் ஓட வேண்டும், அய்யா. நான் நாற்பத்தெட்டு வருஷம் எழுத்துக்காகக் காத்திருந்தவன். இவர்கள் எழுத்தோடு பிறந்தவர்கள். ஒரு சிவப்பு வரி எழுதி, அதை என் வாயால் கூவச் சொன்னால், நான் எழுதினதெல்லாம் எதற்கு. டீச்சர் சொன்னபடி கேட்டு சுடலையை நிறுத்தியிருந்தால் ஐந்து பேரும் இருந்திருப்பார்கள். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் நோட்டை நீட்டினேன். இதை ஒப்புதல் என்று எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு யார் மேலும் பகை இல்லை. நோட்டு இப்போது எங்கெங்கோ போகிறது. நகல் எடுத்துக் கலெக்டர் வாசித்தாராம், பேப்பரில் இரண்டு பக்கம் போட்டிருந்தார்கள், கோர்ட்டிலும் வாசிப்பார்கள். நேற்று சென்னையிலிருந்து விசாரணைக்கு வந்த அதிகாரி முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, என் முன்னாலேயே, ஒரு வரி விடாமல் வாசித்தார். மூடி வைத்துவிட்டு, "எழுத்து தெளிவா இருக்கு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லை" என்றார். ஏழு வருஷத்தில் என் எழுத்தைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.